வளவுத் தோட்டமும் மேய வரும் விருந்தாளிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டுத்தோட்டம் வைப்பவர்கள் பசளையைப் பற்றிக் கேட்பதைவிட, "நேற்று நட்ட கன்று, விடியப் பார்த்தால் இல்லை" என்று சொல்வதுதான் அதிகம். பூச்சி, பூஞ்சணத்துக்கு மருந்து சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அதனால் இங்கே நாலு காலில் வருபவை, இரண்டு காலில் வருபவை, காலே இல்லாமல் ஊர்ந்து வருபவை பற்றித்தான் பேச்சு.

கன்றைத் தின்றது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போய் எதையும் வாங்காதீர்கள். அணிலுக்கு வாங்கிய வலையால் நத்தை நிற்காது. நத்தைக்குப் போட்ட சாம்பலை ஆடு திரும்பியும் பார்க்காது.

முதலில் நேரத்தைப் பாருங்கள். மாலையில் முழுதாக இருந்த கன்று காலையில் இல்லையென்றால் வந்தது நத்தை, எலி, அகழான் (மண்ணைத் தோண்டும் பெரிய எலி), அல்லது படலை திறந்திருந்தால் கட்டாக்காலி மாடு. பகலில் போனால் அணில், கிளி, மயில், குரங்கு, பக்கத்து வீட்டுக் கோழி.

அடுத்தது தின்ற இடம். இலையில் ஒழுங்கில்லாத பெரிய ஓட்டையும், பக்கத்தில் காய்ந்து மினுங்கும் கோடும் இருந்தால் நத்தை. தண்டு மண்ணோடு ஒட்டி அறுபட்டு, கன்று பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தால் அது விலங்கு இல்லை, வெட்டுப்புழு. கன்றைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். நுனி முழுக்க இழுத்துக் கிழித்த மாதிரி இருந்தால் ஆடு அல்லது மாடு. பழுத்த தக்காளியில் ஒரு பக்கம் மட்டும் குடைந்து, மிச்சம் கொடியிலேயே தொங்கினால் அணில். விதை போட்ட வரியில் சின்னச் சின்னக் குழி, குழிக்குப் பக்கத்தில் உடைந்த பயற்றங்கோது கிடந்தாலும் பெரும்பாலும் அணில்தான். மரவள்ளி மேலே செழிப்பாக நின்று, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் குடையப்பட்டிருந்தால் அகழான். பாத்தி ஓரத்தில் புது மண் குவிந்த வளை ஒன்று நிச்சயம் இருக்கும்.

இன்னும் சந்தேகம் என்றால் பாத்தியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைத் தூளாக்கி, மட்டமாகத் தடவிவிட்டுப் படுங்கள். காலையில் கால்தடம் சொல்லும்.

மதில் கட்டியாயிற்று. இனி வேலி எதற்கு?

மதில் மாட்டையும் ஆட்டையும் நிறுத்தும். அணிலுக்கும் குரங்குக்கும் அது நல்ல நடைபாதை. சோழகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் மதிலில் மோதிய காற்று உள்ளே சுழன்று விழுந்து பயிரைச் சாய்க்கும். வேலி காற்றை வடிகட்டி விடும். மதில் இருப்பவர்கள் இடிக்கத் தேவையில்லை. வளவுக்குள் மரக்கறிப் பாத்தி இருக்கும் துண்டுக்கு மட்டும் தனியாக ஓர் உள்வேலி போடுங்கள். செலவும் குறைவு.

உள்வேலிக்கு என் தெரிவு பனை மட்டைதான். கருக்கோடு இருக்கும் மட்டையை நெருக்கி நட்டுக் கட்டினால், கருக்குப் பல்லைக் கண்டு ஆடு தலை நீட்டாது, நாய் நுழையாது. கீழே ஓர் அடி உயரத்துக்குக் கம்பிவலையைச் சேர்த்துக் கட்டி, அதில் அரை அடியை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் கோழி கிளறாது, அகழானும் சுலபமாகத் தோண்டி வராது. வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஓர் அங்குலக் கண் கோழியை மட்டும் நிறுத்தும். எலிக்கு அது வாசல்.

உயிர்வேலி போடுபவர்கள் மாரி தொடங்கும் நேரத்தில் கதியாலை, அதாவது வேலித்தடியை, ஊன்றினால் தண்ணீர் ஊற்றாமலே வேர் பிடிக்கும். கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் நல்லவைதான். சீமைக்கிளுவைக் குழையை வெட்டிப் பாத்தியில் தாழ்த்தினால் தழைச்சத்தும் கிடைக்கும். பூவரசில் மட்டும் ஒரு கவனம்: அதுவும் வெண்டியும் ஒரே குடும்பம். பூவரசு விதையில் கூட்டம் கூட்டமாக இருக்கும் சிவப்புப் பூச்சி வெண்டிக்கும் தாவும். ஆகவே பூவரச வேலி ஓரத்தில் வெண்டி போடாதீர்கள். பயற்றையோ பாகலோ போடுங்கள்.

பழைய ஓலை வேலியைப் பிரித்தால் குப்பையில் கொளுத்தாதீர்கள். உக்கின பனையோலையைத் தறித்துத் தோட்டத்தில் தாழ்ப்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. செம்மண்ணில் ஈரம் நிற்க அதைவிட மலிவான வழி கிடையாது.

பக்கத்து வீட்டு ஆடு வேலிப் பொட்டுக்குள்ளால் (ஓட்டைக்குள்ளால்) வருகிறது. சொன்னால் கோபிக்கிறார்கள்.

பொட்டை அடையுங்கள், ஆட்டைப் பற்றிப் பேசாதீர்கள். யாழ்ப்பாணத்தில் எல்லைக் கதியால் ஒன்றுக்காகத் தலைமுறைகள் பேசாமல் இருந்திருக்கின்றன. ஒரு கத்தரிக் கன்றுக்காக அந்தக் கணக்கில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். அடைத்த பிறகு முதல் பிடுங்கின கத்தரிக்காயில் கொஞ்சம் கொடுத்து அனுப்புங்கள். வீதியில் அலையும் உரிமையாளர் தெரியாத மாடு என்றால் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ முறையிடலாம்.

மாரி தொடங்கினால் பெரிய நத்தைகள் படை படையாக வருகின்றன. உப்புத் தூவலாமா?

தூவ வேண்டாம். உப்புப் பட்ட நத்தை சாகும், சரி. ஆனால் அந்த உப்பு உங்கள் பாத்தியிலேயே கிடக்கும். ஏற்கெனவே கிணற்று நீர் உவர்க்கிறது என்று கவலைப்படும் ஊரில் நாமே உப்பு அள்ளிக் கொட்டுவது என்ன வேலை!

இது ஆபிரிக்க இராட்சத நத்தை. 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்குள் வந்தது. கத்தரி, மிளகாய், பூசணி நாற்று, பப்பாசி, வாழைக் குருத்து, கீரை எல்லாம் தின்னும். ஒரு தடவையில் நூற்றுக்கு மேல் முட்டையிடும். மிளகளவில் மஞ்சள் கலந்த வெள்ளை உருண்டைகள் மண்ணுக்குள் குவியலாக இருந்தால் அதுதான். கிளறி எடுத்து நசுக்கிவிடுங்கள்.

உண்மையில் வேலை செய்வது கையால் பொறுக்குவதுதான். மழை விட்ட இரவில், சாப்பாட்டுக்குப் பிறகு, ரோச்சும் வாளியும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வாழையடி, பூச்சாடியின் அடி, கிணற்றுக் கட்டு, ஈரமான மதில் ஆகிய இடங்களில்தான் கூட்டம். வாளியில் உப்பு நன்றாகக் கரைத்த தண்ணீர் இருக்கட்டும். அடுத்த நாள் நத்தைகளை மட்டும் எடுத்துக் குழியில் புதையுங்கள். உப்புத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றக் கூடாது. அதை மூடி வைத்தால் பல இரவுக்குப் பாவிக்கலாம். இரவில் இறங்க முடியாதவர்கள் நனைத்த சாக்கின் கீழே பப்பாசி இலை, பழத்தோல் போட்டு வையுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும்.

வெறுங்கையால் தொடாதீர்கள். எலியிலிருந்து வரும் ஒரு நுண்புழு இந்த நத்தையில் இருக்கலாம். மனிதருக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம். கையுறை இல்லையென்றால் கையில் ஒரு பொலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளை ஓட்டோடு விளையாட விடாதீர்கள். வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றைப் பச்சையாகச் சம்பல் போடுபவர்கள் ஒவ்வோர் இலையாகப் பிரித்துக் கழுவுங்கள்.

கடையில் நத்தைக்கென்று விற்கும் குருணை மருந்து நாய்க்கும் உயிராபத்து. நாய் இருக்கும் வளவில் அது வேண்டவே வேண்டாம்.

கோடையில்தான் பலர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். அப்போது நத்தை ஓட்டின் வாயைத் தோலால் மூடிக்கொண்டு கல்லுக்கும் ஓலைக்கும் அடியில் உறங்கும். ஆடி, ஆவணியில் கல் குவியலையும் காவோலைக் கும்பியையும் பிரட்டி எடுப்பது, மாரியில் படும் பாட்டைப் பாதியாக்கும். அப்புறம், செண்பகத்தைக் கல்லெறிந்து விரட்டாதீர்கள். ஓட்டை உடைத்து நத்தை தின்னும் பறவை அது.

அணிலுக்கு என்ன செய்வது? பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு தக்காளி மிஞ்சுவதில்லை.

தக்காளியைக் கொடியில் பழுக்க விடாதீர்கள். காயின் அடியில் லேசாக மஞ்சளும் சிவப்பும் கலந்து நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, குசினியில் ஒரு சுளகில் பரவி வையுங்கள். நாலைந்து நாளில் தானே பழுக்கும், ருசியில் பெரிய குறை இராது. பல வீட்டில் அணில் பிரச்சினை இந்த ஒன்றிலேயே பாதி முடிந்துவிடும்.

மாதுளை, கொய்யாவுக்குப் பையைக் கட்டுங்கள். பொலித்தீன் பையில் வேர்த்துப் பழம் அழுகும். பழஞ்சேலைத் துண்டு அல்லது வலைத்துணி நல்லது. பாகலுக்கும் புடோலுக்கும் பிஞ்சிலேயே பை கட்டினால் பழ ஈயும் குத்தாது. ஒரே செலவில் இரண்டு காரியம்.

விதை போட்ட பாத்தியை முளை வரும்வரை கிடுகால் மூடுங்கள், அல்லது எலுமிச்சை முள்ளுக் கொப்புகளைப் பரவுங்கள். முளை இரண்டு இலை விட்ட பிறகு அணிலுக்கு அதில் அக்கறை குறைந்துவிடும். அதற்குத் தேவை விதைதான். பிளாஸ்ரிக் வலையை அது கடித்து ஓட்டை போடும். நிரந்தரமாக மூடுவதென்றால் கம்பிவலைதான்.

தென்னை ஓலையும் மாமரக் கொப்பும் கூரையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் வெட்டுங்கள். தனியே நிற்கும் தென்னைக்கு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஓர் அடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலியும் அணிலும் வழுக்கி விழும். அடுத்த மரத்தின் ஓலை தொட்டால் தகரம் வீண்.

மிளகாய்த்தூள் கரைத்துத் தெளித்தால் எல்லாம் ஓடுமாமே?

பாலூட்டிகள் கொஞ்சம் ஓடும். பறவைகளுக்கு மிளகாயின் உறைப்புத் தெரியாது. கிளி உங்கள் மிளகாய்க் கன்றிலேயே வந்து காய் தின்பதைப் பார்த்திருப்பீர்களே! ஆகவே மயிலுக்கும் கிளிக்கும் மிளகாய்த்தூள் தெளிப்பது தூளுக்குக் கேடு. அணில், எலிக்குத் தெளித்தாலும் ஒரு மழைக்கோ ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சினாலோ போய்விடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தெளியுங்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசல்?

பூச்சிக்கு நல்லது, விலங்குக்கு அல்ல. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் அடியுங்கள். முள்முருக்கிலும் முருங்கையிலும் வரும் மயிர்க்கொட்டிக்கும் குட்டியாக இருக்கும்போதே அடிக்கலாம்.

வெருளி, பழைய சீடி, கசற் நாடா ஏதாவது பயன்படுமா?

சில நாளைக்கு. காகமும் கிளியும் மைனாவும் வெருளியைப் படித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றி, சட்டையையும் மாற்றினால் கொஞ்சம் நீடிக்கும். கசற் நாடாவை இழுத்துக் கட்டினால் சோழகத்தில் நன்றாக இரையும். காற்றில்லாத நாளில் வெறும் நாடா. விளைச்சல் வரும் இரண்டு கிழமைக்கு மட்டும் கட்டி, பிறகு கழற்றிவிடுவதுதான் புத்தி.

மயில் வருகிறது. முருகனின் வாகனம், விரட்டவும் மனம் வரவில்லை.

விரட்டலாம், நல்லூரான் கோபிக்க மாட்டார். அடிக்கத்தான் கூடாது. பற்றைக் காணிகள் அருகே இருக்கும் வளவுகளில் மயில் காலையும் மாலையும் வந்து முளை, மிளகாய், தக்காளி, கீரை நுனி எல்லாம் கொத்தும். வேலி உயரம் அதற்குப் பொருட்டில்லை. பறந்து மதிலில் இறங்கி, பிறகு உள்ளே நடக்கும். நடக்கும் இடத்தில்தான் மறிக்க வேண்டும். பாத்தியின் குறுக்கே முழங்கால் உயரத்தில் நைலோன் நூலை முழத்துக்கு ஒன்றாக இழுத்துக் கட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத நூல் காலில் தட்டுவது அதற்குப் பிடிக்காது. நாற்று மேடைக்கு மேலே வலை போடுங்கள். பக்கத்துப் பற்றைக் காணிக்காரர் வெளிநாட்டில் என்றால், உறவினர் மூலம் கேட்டுத் துப்புரவாக்க வழி பாருங்கள்.

குரங்குக்கு ஏதாவது வழி இருக்கிறதா, இல்லையா?

தென்மராட்சிக்காரர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். முழுதாக நிறுத்த ஒரே வழி, மேலும் மூடிய கம்பிக் கூண்டு. மற்றதெல்லாம் குறைக்கும் வழிகள்.

வீட்டுக்குத் தேவையான மரக்கறிக்குப் பெரிய கூண்டு வேண்டியதில்லை. பத்து அடிக்குப் பத்து அடி, நிமிர்ந்து நிற்கும் உயரம், இரும்புக் குழாய்ச் சட்டம், சுற்றிலும் மேலும் கம்பிவலை. அதற்குள் தக்காளி, கத்தரி, மிளகாய், பயற்றை போட்டால் நாலு பேர் உள்ள வீட்டின் கறிக்குப் பெரும் உதவி. கதவுக்குக் கொளுக்கி மட்டும் போதாது, குரங்கு திறக்கும். பூட்டுப் போடுங்கள்.

கூண்டுக்கு வெளியே நடுவதற்கு, குரங்கு அதிகம் விரும்பாதவை உண்டு: மஞ்சள், இஞ்சி, கருணை, பாகல், கறிவேப்பிலை, வல்லாரை. பசித்த குரங்கு எதையும் பிடுங்கிப் பார்க்கும். ஆனாலும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவதற்கும் உட்கார்ந்து தின்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு வீடு விரட்டி, அடுத்த வீடு வாழைப்பழம் கொடுத்தால் காரியம் நடக்காது. கோயில் வாசலில் உணவு போடும் பழக்கமும் அப்படித்தான். ஒழுங்கையில் உள்ள எல்லா வீடும் சேர்ந்து, முதல் குரங்கைக் கண்டதுமே, கூட்டம் இறங்கும் முன் சத்தம் போட்டு விரட்ட வேண்டும். குப்பையை மூடி வையுங்கள். நாய் நல்ல உதவி, ஆனால் பெரிய ஆண் குரங்கிடம் கடி வாங்கும்.

அரசாங்கம் 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்தே நிமிடத்தில் நாடு முழுக்கக் குரங்கு, மயில் முதலான பயிர் தின்னும் விலங்குகளைக் கணக்கெடுத்தது. ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் இருக்கும் குரங்கை எந்தத் தோட்டக்காரர் கண்டார் என்பது வேறு கதை. சட்டம் பற்றிய பேச்சு அடிக்கடி மாறும். 1937ஆம் ஆண்டிலிருந்து வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் சுடுவது, நஞ்சு வைப்பது, பிடித்து வேறு ஊரில் விடுவது எதையும் செய்யாதீர்கள். அவர்களின் அவசர எண் 1992.

வேலிக் கம்பியில் மின்சாரம் கொடுக்கலாமா?

கூடாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். பந்து எடுக்க வந்த பிள்ளை சாகும்.

எலிக்கு மருந்து வைக்கலாமா?

தோட்டத்தில் வேண்டாம். மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்து சாகும். எலிகளைப் பிடித்துக்கொண்டிருந்தவை அவைதான். அதோடு நமது நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவதும் புதைப்பதும் வடிந்து கிணற்றுக்குத்தான் போகும். குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

கூட்டுப்பொறி வாங்குங்கள். சுட்ட தேங்காய்ச் சொட்டு அல்லது கருவாட்டுத் துண்டு வையுங்கள். முதல் இரண்டு இரவு பொறியைக் கட்டாமல் தீனி மட்டும் வைத்தால் எலிக்குப் பயம் போகும். மூன்றாம் இரவு கட்டுங்கள். அகழான் வளை என்றால் எல்லா வாயையும் தேடி, ஒன்றை விட்டு மற்றவற்றை அடைத்து, அந்த ஒன்றில் பொறி.

மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. காலில் புண் இருந்தால் சப்பாத்து இல்லாமல் பாத்திக்குப் போகவே வேண்டாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் வந்தால், தோட்டத்தில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எப்போது தொடங்கினால் தொல்லை குறைவு?

ஆவணி, புரட்டாதியில் நாற்று மேடை போட்டு ஐப்பசியில் நடுபவர்களுக்கு நத்தையும் அடைமழையும் சேர்ந்து வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் மார்கழியில் நாற்றுப் போட்டுத் தையில் நடுங்கள். மழை விட்டிருக்கும், கிணறு நிறைந்திருக்கும், நத்தை குறையும். தக்காளி, கத்தரி, பீற்றூட், கோவா எல்லாம் அப்போது நன்றாக வரும். நாற்றுத் தட்டுகளைத் தரையில் வைக்காமல் மேசையில் வைத்து, மேசைக்கால்களைத் தண்ணீர் ஊற்றிய ரின்களுக்குள் நிறுத்துங்கள். ரின்னில் நுளம்பு பெருகாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். விதை, நோய் பற்றிய சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் தொலைபேசி எண் 1920 இருக்கிறது; கமநல சேவை நிலையத்தில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைப் பார்த்தால் நேரே வந்தும் பார்ப்பார்.

பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது. பந்தலைச் சுற்றிக் கட்டலாமா?

மேலே கட்டலாம், நிலத்தில் தொங்க விடாதீர்கள். தளர்ந்து கிடக்கும் வலைக்குள் சாரைப்பாம்பு தலையை விட்டால் செதில் மாட்டிக்கொள்ளும். பின்வாங்க முடியாமல் முன்னே தள்ளத் தள்ள நூல் இறுகி, வெயிலில் கிடந்து செத்துப்போகும். சாரை எலி தின்னும் பாம்பு, அதை இழப்பது உங்களுக்குத்தான் நட்டம். வலையின் கீழ் விளிம்பை நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி, இறுக்கமாக இழுத்துக் கட்டுங்கள். அந்த ஓர் அடிக்குக் கம்பிவலை அல்லது தகரம்.

மாட்டிய பாம்பைக் கண்டால், அது சாரையா, நஞ்சுள்ள புடையனா என்று உறுதியாகத் தெரியாமல் கிட்டப் போகாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.